மாறிவரும் குறைபாடும் மாறாத சான்றிதழும்

குறைபாடுடைய ஒரு குழந்தையை அரசு அறிந்துகொள்வது பெரும்பாலும் ஒரு தாளின் வாயிலாகவே. அத்தாளில் குழந்தையின் பெயரும், குறைபாட்டின் வகையும், அதன் அளவைக் காட்டும் ஒரு விழுக்காடும் எழுதப்பட்டிருக்கும். உதவித்தொகை, சக்கர நாற்காலி, பள்ளிச் சலுகை, பயணச் சலுகை ஆகிய அனைத்திற்கும் அவ்விழுக்காடே திறவுகோல். ஆனால் சான்றிதழ் குறிப்பது ஒரு நாளின் நிலையை மட்டுமே. குழந்தையின் உடலோ வளர்வதும் தளர்வதுமாக மாறிக்கொண்டே இருப்பது. தாளில் உள்ள நிலைக்கும் வீட்டில் உள்ள நிலைக்கும் இடைவெளி நேரும்போது, சட்டம் அளிக்கும் உதவி இருந்தும் குழந்தை அதனைப் பெறாது நிற்கிறது. இவ்விடைவெளியை நீக்கும் முறை யாது என்பதையும், பெற்றோர் பலர் அதற்கு ஏன் தயங்குகின்றனர் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இல்லங்களைச் சந்திக்கும் ஊழியர்கள் இதனை அறிந்திருத்தல் மிகவும் பயனுள்ளது.

1. சட்டம் கூறுவது யாது?

நம் நாட்டில் இப்பொருள் குறித்து நடைமுறையில் உள்ள சட்டம் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆகும். இது 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இதற்கு முன்பிருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே குறிப்பிட்டது. புதிய சட்டமோ இருபத்தொரு வகைகளை ஏற்றுக்கொள்கிறது. தசைச்சிதைவு நோய், மூளை முடக்குவாதம், தாலசீமியா முதலியன அவற்றுள் அடங்கும். குறைபாடு 40 விழுக்காட்டிற்குக் குறையாதிருப்பின், அரசின் சிறப்பு உதவிகள் பலவற்றைப் பெறும் தகுதி உண்டாகிறது. இச்சட்டத்தின்படி வழங்கப்படும் சான்றிதழ் நாடு முழுவதிலும் செல்லும்.

சான்றிதழ் வழங்கும் முறையை 2017ஆம் ஆண்டு விதிகள் வகுத்துள்ளன. குறைபாட்டின் அளவு மாறுவதற்கு வாய்ப்பில்லை எனில் நிரந்தரச் சான்றிதழும், மாறக்கூடும் எனில் செல்லுபடியாகும் காலத்தைக் குறித்த சான்றிதழும் வழங்கப்படல் வேண்டும் என்பது விதி. குறைபாடு பெருகிவரும் தன்மையுடையதா அன்றா, மறுமதிப்பீடு எத்தனை ஆண்டுகளுக்குப் பின் தேவை என்பவற்றை மருத்துவர் குறிப்பதற்குச் சில படிவங்களில் தனி இடமே உண்டு. பெற்றோர் பலர் விழுக்காட்டை மட்டும் பார்த்துவிட்டு இவ்வரிகளைப் படியாது விட்டுவிடுகின்றனர். அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளைப் பொறுத்தவரை, 5, 10, 18 ஆகிய வயதுகளில் சான்றிதழைப் புதுப்பித்தல் வேண்டும் என 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் கூறின. ஆகவே, நிலை மாறும் என்பதைச் சட்டம் முன்கூட்டியே உணர்ந்திருக்கிறது. மறுமதிப்பீடு கேட்பது அரசை ஐயுறுவதும் அன்று, பேராசையும் அன்று. சட்டம் எதிர்பார்க்கும் செயலே ஆகும்.

2. நிலை மோசமாவது எவ்வாறு?

இதனை இருவகையாகப் பிரித்து நோக்கலாம். முதலாவது, நோயே பெருகுவது. டூஷேன் எனப்படும் தசைச்சிதைவு நோய் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இது பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்குவது. இரண்டு முதல் ஐந்து வயதிற்குள் குழந்தை அடிக்கடி விழுவதும், தரையிலிருந்து எழும்போது தன் தொடைகளைக் கைகளால் பற்றி ஊன்றி எழுவதும் காணப்படும். பத்து வயதை ஒட்டியோ அதற்குச் சில ஆண்டுகள் பின்னரோ நடக்கும் ஆற்றல் பெரும்பாலும் அற்றுப்போகிறது. அதன்பின் கைகளும், மூச்சிற்குத் துணைசெய்யும் தசைகளும், இருதயமும் தளர்வுறுகின்றன. ஐந்து வயதில் பெற்ற சான்றிதழ் பன்னிரண்டு வயதுச் சிறுவனைப்பற்றி உண்மை உரைக்க இயலாது என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது, நோய் பெருகாமலே தேவை பெருகுவது. மூளை முடக்குவாதத்தில் மூளைக்கு நேர்ந்த சேதம் வளர்வதில்லை. எனினும் குழந்தை வளருங்கால் தசைநார்கள் இறுகுகின்றன. இடுப்பு மூட்டு விலகுவதும் முதுகெலும்பு வளைவதும் உண்டு. மேலும், மூன்று வயதில் இடுப்பில் தூக்கிச் சென்ற குழந்தையைப் பதின்மூன்று வயதில் தாய் ஒருத்தி தனியே தூக்கிக் குளிப்பாட்டுதல் எவ்வாறு இயலும்? நோயின் பெயர் மாறவில்லை. வீட்டின் பாரமோ பலமடங்காயிற்று. இத்தகைய மாற்றம் சிறிது சிறிதாக நேர்வதால், உடனிருப்போர் அதனை மாற்றமாகவே உணர்வதில்லை.

3. விழுக்காடு மாறுவதால் விளைவது

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை அண்மை ஆண்டுகளில் மாதம் ரூ.2,000 ஆக இருந்துவருகிறது. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய் ஆகியவற்றிற்கு 40 விழுக்காடும், பிற வகையில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர்க்கு 75 விழுக்காடும் தகுதி எல்லையாகும். கை கால் இயக்கக் குறைபாடு 65 விழுக்காடு எனச் சான்று பெற்ற ஒரு சிறுமியை எண்ணிப் பார்ப்போம். ஆறாண்டுகளில் அவள் நிலை 80 விழுக்காட்டிற்குத் தாழ்ந்துவிட்டது. பழைய தாளே கையில் இருக்கும்வரை அவள் அவ்வுதவித்தொகைக்குத் தகுதியற்றவளாகவே எண்ணப்படுவாள். தாள் மாறினால் மட்டுமே அலுவலர் அவளுக்கு உதவ இயலும்.

தொகை மாறாத இடத்திலும் பிற பயன்கள் மாறுவதுண்டு. தசைச்சிதைவு நோயுற்ற சிறுவன் ஏற்கெனவே உதவித்தொகை பெற்றுவரலாம். ஆயினும் மின்கலத்தால் இயங்கும் சக்கர நாற்காலி, வீட்டிலிருந்தே கற்கும் ஏற்பாடு, தேர்வு எழுதத் துணையாள், கூடுதல் நேரம் ஆகியவற்றைக் கேட்பதற்குத் தற்போதைய நிலையைக் காட்டும் சான்று துணைபுரியும். 6 முதல் 18 வயதுவரை அண்மையிலுள்ள பள்ளியிலோ, தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு 40 விழுக்காட்டு எல்லையை எட்டிய குழந்தைகளுக்கு அளிக்கிறது. மேலும், 38ஆம் பிரிவின்படி உயர் ஆதரவு வேண்டி விண்ணப்பிக்கலாம். அவ்விண்ணப்பத்தைக் குறைபாடுடையவரே அன்றி, அவர் சார்பாக வேறு எவரும், எந்த அமைப்பும் அளிக்கலாம் எனப் பிரிவு தெளிவாகக் கூறுவது நாம் கருத்தில் கொள்ளத்தக்கது.

4. பெற்றோரின் தயக்கம்

இவ்வளவு இருந்தும் பெற்றோர் ஏன் காலந்தாழ்த்துகின்றனர்? அலைச்சலும் செலவும் ஒரு காரணமே. கூலி வேலைசெய்யும் தகப்பனுக்கு மருத்துவமனையில் கழியும் ஒரு நாள் ஊதியமற்ற நாளாகும். ஆனால் ஆழ்ந்த காரணம் வேறு. "பிள்ளைக்கு முன்னைவிட மோசமாகிவிட்டது" என்று தாளில் எழுதிக் கையொப்பமிடுதல், அதற்குத் தாமே உடன்பட்டது போலப் பெற்றோருக்குத் தோன்றுகிறது. நம்பிக்கையைக் கைவிட்டோமோ என்று மனம் குற்றஞ்சாட்டுகிறது. சபையிலுள்ள நல்லெண்ணத்தார் சிலர், "விசுவாசமாய் இருங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று கூறுவது இக்குற்ற உணர்வை இன்னும் பெருக்கிவிடுகிறது.

இதன் விளைவு மருத்துவர் முன்னிலையில் வெளிப்படும். பிள்ளையைக் குளிப்பாட்டி, நல்லுடை உடுத்தி, "இப்போது பரவாயில்லை" என்று கூறுவது நம் தாய்மாரின் வழக்கம். மருத்துவர் காண்பது சில நிமிடங்களே. அந்நிமிடங்களில் குழந்தையும் தன் முழு முயற்சியையும் கூட்டி நடந்து காட்டும். இரவில் மூன்று முறை எழுந்து புரட்டிப் படுக்கவைத்த தாயின் உழைப்பு அங்கே எழுதப்படுவதில்லை. உள்ளதை உள்ளவாறு கூறுதல் நம்பிக்கையின்மை அன்று. அது குழந்தைக்காகப் பெற்றோர் பகரும் சாட்சியம். அதே வேளையில், சாட்சியம் எனும்போது மிகைப்படுத்துதலும் கூடாது. இல்லாததைச் சேர்த்துக் கூறுவது உண்மையான தேவையின்மீதும் ஐயம் எழச் செய்யும்.

5. செய்யவேண்டுவன

(அ) கையிலுள்ள சான்றிதழையும், யூ.டி.ஐ.டி. எனப்படும் தேசிய அடையாள அட்டையையும் எடுத்து, வழங்கிய நாள், விழுக்காடு, செல்லுபடியாகும் காலம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அட்டையின் நிறமும் ஒரு குறிப்பே: 40 விழுக்காட்டிற்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்கு உட்பட்டது மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம்.

(ஆ) இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு நாட்குறிப்பு எழுதுதல் நலம். எத்தனை முறை விழுந்தான், உணவூட்ட எவ்வளவு நேரமாயிற்று, இரவில் எத்தனை முறை எழவேண்டியிருந்தது, கடந்த ஆண்டு தானே செய்துவந்தவற்றுள் இன்று எவற்றிற்குத் துணை தேவை என்பவற்றைச் சுருக்கமாக எழுதலாம். நல்ல நாளையும் எழுதுக. தீய நாளையும் எழுதுக.

(இ) மருத்துவமனைக் குறிப்புகள், இயன்முறைச் சிகிச்சையாளரின் அறிக்கை, வகுப்பாசிரியரின் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்தல் வேண்டும். புதிதாக வேறொரு குறைபாடு தோன்றியிருப்பின் அதற்குரிய மருத்துவரின் குறிப்பும் தேவை. இரு குறைபாடுகளின் விழுக்காடுகள் நேராகக் கூட்டப்படுவதில்லை. அதற்கெனத் தனிக் கணக்கு முறை உண்டு.

(ஈ) மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகியும், யூ.டி.ஐ.டி. இணையதளத்தின் வாயிலாகவும் விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் வழங்குவதற்கு 2017ஆம் ஆண்டு விதிகளில் ஒரு மாதமாக இருந்த கால எல்லை 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மூன்று மாதமாக நீட்டப்பட்டது. ஆதலால் பழைய சான்றிதழ் முடியும் நாள்வரை காத்திராது முந்தியே தொடங்குதல் அறிவுடைமை. கழிந்த மாதங்களின் தொகையும் சேர்ந்து வரும் என எண்ணிக் காலந்தாழ்த்துதல் தகாது.

(உ) மறுமதிப்பீட்டில் அளவு முழுவதும் புதிதாகவே கணிக்கப்படும். எதிர்பார்த்ததைவிடக் குறைவாக அமைவதும் கூடும். எனவே சான்றுகளைத் திரட்டிய பின்னரே செல்லவேண்டும். தகுதியில்லை என மறுக்கப்பட்டால், அதன் காரணத்தை எழுத்தில் பெறும் உரிமை விதிகளில் உண்டு. முடிவினால் குறைபட்டவர் மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 59ஆம் பிரிவு இடமளிக்கிறது.

(ஊ) புதிய சான்றிதழ் கிடைத்ததும் அதன் படிகளை உதவித்தொகை வழங்கும் அலுவலகத்திற்கும் பள்ளிக்கும் கொடுத்தல் வேண்டும். ஓர் அலுவலகத்தில் மாறிய செய்தி மற்றோர் அலுவலகத்திற்குத் தானே சென்று சேரும் என எண்ணிவிடலாகாது.

6. குழந்தையின் செவியும் வாயும்

இங்கு எளிதில் மறக்கப்படுவது ஒன்றுண்டு. மதிப்பீட்டின்போது குழந்தை அருகில் இருக்கிறது. தன்னைப்பற்றிக் கூறப்படும் ஒவ்வொரு சொல்லையும் கேட்கிறது. "இவனால் இனி ஒன்றும் இயலாது" என்று தகப்பன் கூறக்கேட்ட சிறுவன் அச்சொல்லை வீட்டிற்குச் சுமந்து செல்வான். ஆகையால் கடினமானவற்றை முன்னரே எழுதி மருத்துவர் கையில் கொடுத்தல் நன்று. விளங்கும் பருவத்துப் பிள்ளைக்கு, "உனக்கு வேண்டிய உதவியைக் கேட்கப் போகிறோம், உன்னைக் குறைகூற அன்று" என்று புறப்படும் முன்னரே எடுத்துரைத்தல் வேண்டும். தம்மைப் பாதிக்கும் காரியங்களில் தம் கருத்தைத் தடையின்றிக் கூறும் உரிமை குறைபாடுடைய குழந்தைகளுக்கு உண்டு எனச் சட்டத்தின் 4ஆம் பிரிவே கூறுகிறது. எது கடினம் என்று அப்பிள்ளையையே கேட்டால், பெற்றோரும் அறியாத செய்திகள் வெளிவரக்கூடும்.

7. ஊழியரின் பங்கு

வீடு சந்திக்கும் ஊழியர் ஆறுதல் சொல்லி ஜெபித்துத் திரும்புவதோடு, "சான்றிதழ் எப்போது வாங்கியது? அதற்குப்பின் பிள்ளையின் நிலை எப்படி?" என்னும் இரு கேள்விகளையும் கேட்கலாம். படிவம் நிரப்ப இளைஞர் ஒருவரை அனுப்பலாம். மருத்துவமனைக்கு உடன் செல்ல ஒருவரை ஏற்படுத்தலாம். அந்நாளின் கூலி இழப்பைச் சபை ஏற்கலாம். பெற்றோரின் கண்ணீருக்கு விடைகூற முயலாது, அதற்கு இடமளிப்பதும் இப்பணியைச் சேர்ந்ததே. தாளில் விழுக்காடு உயர்வது எந்தத் தாய்க்கும் மகிழ்ச்சியான செய்தி அன்று. எனினும் அத்தாளைக் கொண்டு ஒரு சக்கர நாற்காலி வந்து, பல மாதங்களாக உள்ளறையிலேயே கிடந்த பிள்ளை வாசலில் அமர்ந்து தெருவைக் காணுமாயின், உண்மையை எழுதிக் கொடுத்த கை வீணாகவில்லை என்று அவள் அறிவாள்.