காற்றைக் கண்ட இளைஞர்

வேலை கிடைத்த கையோடு மேலதிகாரிகளிடம் சென்று, "உங்கள் விமானம் சரியாகப் பறக்காது" என்று ஓர் இளைஞர் கூறுவாராயின், அவரைப் புத்திசாலி என்று யார் மெச்சுவர்? "முதலில் உத்தியோகம் நிரந்தரமாகட்டும், தம்பி, வாயைப் பிறகு திறக்கலாம்" என்றே நம் வீட்டுப் பெரியோர் புத்தி சொல்வர். ஆயினும், 1933-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் வேலையிழந்து நின்ற பஞ்ச காலத்தில், மாதம் 83 டொலர் சம்பளத்துக்கு அமர்ந்த இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர் அவ்வாறே கூறினார். அவர் பெயர் கிளாரன்ஸ் லெனார்ட் ஜோன்சன். உலகம் அவரைக் கெலி ஜோன்சன் என்றே அறியும்.

மிச்சிக்கன் மாநிலத்தின் இஷ்பெமிங் என்னும் சுரங்க ஊரில், 1910-ஆம் ஆண்டு பெப்ரவரி 27-ஆம் திகதி அவர் பிறந்தார். பெற்றோர் சுவீடன் தேசத்திலிருந்து குடியேறியவர்கள். தந்தையார் கட்டட வேலை செய்பவர். ஒன்பது பிள்ளைகள் நிறைந்த வீட்டில் கெலி ஏழாமவர். தாயார் பிறர் வீட்டுத் துணிகளை வெளுத்துக் கொடுத்துக் குடும்பத்துக்கு உதவினார். வறுமையிருந்தும் அவ்வூரில் ஒரு நல்ல நூல்நிலையம் இருந்தது. அங்கே கிடைத்த சிறுவர் கதைகளையும் விமான நூல்களையும் வாசித்து வாசித்து, பன்னிரண்டாம் வயதிலேயே விமானம் அமைப்பதே தம் தொழில் என்று முடிவு செய்துவிட்டார். அந்த வயதில் நாமெல்லோரும் எத்தனையோ முடிவுகள் செய்கிறோம். மறுவருடமே அவற்றை மறந்தும் விடுகிறோம். இவர் மறக்கவில்லை.

மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் கற்ற காலத்தில், மாணவர் விடுதியொன்றில் பாத்திரம் கழுவித் தம் செலவை ஈடுசெய்தார். அங்கே பேராசிரியர் எட்வர்ட் ஸ்டோக்கரின் மேற்பார்வையில் ஒரு காற்றுச் சுரங்கம் இருந்தது. நீண்ட குழாய் போன்ற ஒரு கூடத்தில் பெரிய விசிறியினால் காற்றை வேகமாகச் செலுத்துவர். நடுவில் விமானத்தின் சிறு மாதிரியைத் தராசில் பொருத்தி, காற்று அதனை எவ்வளவு தூக்குகிறது, எவ்வளவு தடுக்கிறது, எப்பக்கம் திருப்புகிறது என்று அளப்பர். சும்மா கிடந்த நாட்களில் அச்சுரங்கத்தைக் கெலியும் அவருடைய தோழர் ஒருவரும் நாளொன்றுக்கு 35 டொலர் கொடுத்து வாடகைக்கு எடுத்தனர். ஸ்டூடிபேக்கர் மோட்டார் வண்டிகளின் மாதிரிகளை அதில் வைத்துச் சோதித்தபோது, அவ்வண்டிகளின் பெரிய முன்விளக்குகள் மட்டுமே மணிக்கு 65 மைல் வேகத்தில் இயந்திர சக்தியின் 16 சதவீதத்தை வீணாக்குவது தெரிந்தது! படிப்புக்குப் பணம் சேர்ந்தது மட்டுமன்று. காற்றின் குணம் கைக்குப் பழகியது.

1932-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றதும் வேலை தேடிக் கலிபோர்ணியா வரை சென்றார். பேர்பாங்க் நகரில் லொக்ஹீட் என்னும் கம்பனி அப்பொழுதுதான் வங்குரோத்திலிருந்து மீண்டிருந்தது. ரொபர்ட் குரோஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அதனை வெறும் 40,000 டொலருக்கு வாங்கியிருந்தனர். வேலை கொடுக்க வழியில்லை. "இன்னும் ஒரு வருடம் படித்துவிட்டு வாரும்" என்று அனுப்பினர். கெலி மனம் தளராது திரும்பிச் சென்று முதுமாணிப் பட்டத்துக்குப் படித்தார்.

அவ்வருடத்தில் ஒரு விசித்திரம் நேர்ந்தது. லொக்ஹீட் கம்பனி அமைக்கவிருந்த 'எலெக்ட்ரா' என்னும் இரட்டை இயந்திர விமானத்தின் மாதிரி, சோதனைக்காக அதே பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தது. அதைச் சோதித்தவர்களுள் கெலியும் ஒருவர். விமானத்தின் திசை நிலைப்பு போதாது என்று அவர் கண்டார். பேராசிரியரோ, அக்காலத்து விமானங்களோடு ஒப்பிடுமிடத்து அது ஏற்கத்தக்கதே என்று கருதினார்.

திசை நிலைப்பு என்பது யாது? அம்பின் கடைசியில் இறகு கட்டுவது எதற்காக? மூக்கு ஒரு பக்கம் திரும்பினால், காற்று இறகில் மோதி அதனை மீண்டும் நேராக்கும். விமானத்தின் வாலில் நிமிர்ந்து நிற்கும் தகட்டுக்கும் அதுவே கடமை. இரண்டு இயந்திரங்களில் ஒன்று நின்றுபோனாலோ, ஒரு பக்கத்துத் துடுப்பை மட்டும் வலித்த தோணி போல விமானம் சுழலப் பார்க்கும். அதனைத் தடுத்து நேரே செலுத்த வால் போதவில்லையென்றால், உள்ளிருக்கும் பத்துப் பிரயாணிகளின் கதி என்னாகும்?

1933-ஆம் ஆண்டில் லொக்ஹீட் அவரை ஏற்றுக்கொண்டது. தொழிற்சாலைக்கு வேண்டிய கருவிகளை வரைவதே அவருக்குக் கிடைத்த வேலை. பிரதம பொறியியலாளர் ஹோல் ஹிபேட்டிடம் சென்று, தம் பேராசிரியரின் முடிவுக்குத் தாம் உடன்படவில்லை என்றும், எலெக்ட்ரா நிலைப்பற்றது என்றும் கூறினார். கம்பனியின் எதிர்காலமே அந்த ஒரு விமானத்தில் தங்கியிருந்தது. ஹிபேட் திடுக்கிட்டார், கோபமும் கொண்டார். நேற்று வந்த பையனா நமக்குச் சொல்வது! ஆனால் கோபம் தணிந்தபின் அவர் செய்ததுதான் அருமை. "மாதிரியை எடுத்துக்கொண்டு போய், நீரே சரிசெய்து வாரும்" என்றார். குற்றம் கண்டவரைத் துரத்தாமல் அவரிடமே வேலையை ஒப்படைக்கும் மேலதிகாரிகள் எத்தனை பேர்? கெலியைப் புகழ்வோர் ஹிபேட்டை மறந்துவிடுவது நியாயமன்று.

மாதிரியை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு கெலி மிச்சிக்கன் திரும்பினார். ஒரு தடவை, பத்துத் தடவை, ஐம்பது தடவை சோதித்தார். எழுபத்திரண்டு சோதனைகள் முடிந்தும் திருப்தியில்லை. இறக்கையும் உடலும் பொருந்துமிடத்தில் இருந்த நிரப்புத் தகடுகளை நீக்கிப் பார்த்தார். படுக்கை வாலில் சிறு தகடுகளை நிறுத்திப் பார்த்தார்; பலன் தெரிந்தது. அவற்றைப் பெருப்பித்து, படுக்கை வாலின் இரு முனைகளிலும் இரண்டு நிமிர்ந்த வால்களாக்கினார். பின்னர் நடுவிலிருந்த பழைய வால் தேவையற்றதாகிவிட, அதனை அகற்றினார். எழுபத்து மூன்றாவது சோதனையில் தீர்வு கைகூடியது.

இதன் நுட்பம் எளிது. இரு வால்களும் இரு சுழல்விசிறிகளின் காற்றோட்டத்தில் நிற்கின்றன. ஓர் இயந்திரம் நின்றாலும், மற்றதன் விசிறி வீசும் காற்று அதன் பின்னேயுள்ள வாலில் பலமாக மோதும். விமானி சுக்கானைத் திருப்பினால் விமானம் சொற்கேட்கும்.

தீர்வு கண்ட செய்தி எட்டியதும் ஹிபேட் பாராட்டிக் கடிதம் எழுதினார். ஊர் திரும்பிய கெலி, கருவி வரையும் வேலையிலிருந்து பொறியியற் பகுதிக்கு வந்து சேர்ந்தார். 1934-ஆம் ஆண்டு பெப்ரவரி 23-ஆம் திகதி எலெக்ட்ரா இரட்டை வாலுடன் முதன்முதலாக வானில் எழுந்தது. ஏறக்குறைய 150 விமானங்கள் அவ்வகையில் அமைக்கப்பட்டன. அமீலியா இயர்ஹார்ட் அம்மையார் 1937-ஆம் ஆண்டு யூலை மாதம் பசிபிக் சமுத்திரத்தில் மறைந்தது அவ்வகை விமானமொன்றிலேதான்; அம்மறைவின் மர்மம் வேறு கதை.

பிற்காலத்தில் ஜோன்சன் அமைத்த பி-38 போர் விமானமும் இரட்டை வால் கொண்டதே. கொன்ஸ்டலேஷன் பிரயாணி விமானத்துக்கோ மூன்று வால்கள்! யூ-2, எஸ்ஆர்-71 ஆகிய உளவு விமானங்களும் அவர் தலைமையில் உருவானவையே. 1990-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அவர் காலமானார். "அந்தச் சுவீடன்காரன் காற்றைக் கண்ணால் காண்கிறான்!" என்று ஒருமுறை வியந்து கூறியவர், அன்று கோபித்த அதே ஹிபேட்தான் என்பர்.