தாய்மடியும் குழந்தை ஆசனமும்

பதுளை, பசறை, லுணுகலைத் தோட்டப் பகுதிகளிலிருந்து பிரித்தானியாவிலோ கனடாவிலோ உள்ள உறவினரிடம் கைக்குழந்தையோடு புறப்படும் குடும்பம், விசாவுக்கும் டிக்கட்டுக்கும் அலைகின்ற அலைச்சலில், அங்கே விமான நிலையத்திலிருந்து வீடு வரை குழந்தை எதில் அமரப்போகிறது என்பதை மறந்துவிடுவது எளிது. பிள்ளைக்காம்பரா எனும் தோட்டக் குழந்தைக் காப்பகத்துக்குத் தூக்கிச் செல்வது தொடங்கி பஸ் பயணம் வரை தாயின் மடியே பாதுகாப்பு என்று மலையகம் நம்பி வந்திருக்கிறது. அன்பில் குறையற்ற அந்த நம்பிக்கை விபத்தின்போது கைகொடுப்பதில்லை. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் மோதிப் பத்தில் ஒரு விநாடிக்குள் நின்றால், 10 கிலோ எடையுள்ள குழந்தை ஏறத்தாழ 140 கிலோ பாரத்துக்கு ஒப்பான விசையோடு முன்னே வீசப்படும். எந்தத் தாயாலும் அதைப் பிடித்து நிறுத்த இயலாது.

குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடப் பெரியது, கழுத்தோ வலுவற்றது என்பதனால், முதுகு வாகனத்தின் முன்பக்கம் நோக்கியிருக்குமாறு அமர்த்தும் பின்னோக்கிய ஆசனமே சிசுக்களுக்கு ஏற்றது. அது மோதலின் விசையை முதுகு முழுவதும் பரப்பிவிடுகிறது. காற்றுப்பை இயங்கும் முன்னிருக்கையில் அதை ஒருபோதும் பொருத்தலாகாது. பிரித்தானியாவில் 12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை, குழந்தை ஆசனம் கட்டாயமாகும்; உயரத்தை அளவாகக் கொண்ட ‘ஐ-சைஸ்’ வகை ஆசனமாயின், 15 மாதங்கள் கடக்கும் வரை பின்னோக்கியே அமர்த்த வேண்டும். கனடாவிலோ அந்நாட்டின் தேசியப் பாதுகாப்பு முத்திரை இல்லாத ஆசனம் ஏற்கப்படுவதில்லை என்பதால், இங்கிருந்து வாங்கிச் சுமப்பதில் பயனில்லை. ஆசனம் இல்லாத டாக்சியின் பின்னிருக்கையில் குழந்தையை ஏற்றிச் செல்லப் பிரித்தானியச் சட்டம் விலக்களித்தாலும், விலக்கு சட்டத்துக்கே அன்றி மோதலுக்கு இல்லை.

குளிருக்கு அஞ்சித் தடித்த ஸ்வெட்டரோடு குழந்தையை ஆசனத்தில் கட்டுவது மற்றொரு தவறு: மோதலின்போது துணி அமுங்கி, பட்டி தளர்ந்துவிடும். மெல்லிய உடையில் பட்டியை இறுக்கி, அதன் மேல் போர்வை போர்த்துவதே முறை. பதுளையிலிருந்து கட்டுநாயக்கா வரையான 200 கிலோமீற்றருக்கும் அதிகமான மலைவழி வேன் பயணத்திலும் குழந்தைக்கு இதே ஆபத்து உண்டு; இயன்றவர்கள் அதற்கும் ஓர் ஆசனம் தேடிக்கொள்ள வேண்டும்.

பெற்றோர் புறப்படுமுன் கிளினிக் அட்டையில் உள்ள பிள்ளையின் எடையையும் உயரத்தையும் உறவினருக்கு அனுப்பி, அந்நாட்டு விதிக்குப் பொருந்திய, விபத்தில் சிக்கியிராத ஆசனம் ஒன்றை முன்கூட்டியே காரில் பொருத்தி வைக்கச் சொல்ல வேண்டும்.