கரை ஊறுகிறதா, உடைகிறதா?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி எழுதியிருக்கிறார். இயற்பியல் செய்முறையில் ஜெனர் டையோடின் பின்னோக்குச் சார்பு வரைபடம் எடுத்தாராம். புத்தகத்தில் இருப்பதுபோல் கோடு படுத்தபடியே போய், ஓரிடத்தில் சட்டென்று செங்குத்தாக இறங்கவில்லை. மலையடிவாரம்போல மெல்ல மெல்லச் சரிந்தது. டையோடு 3.3 வோல்ட் என்று சொல்லிக் கொடுக்கப்பட்டது. 5 மில்லிஆம்பியர் ஓடும்போதும் மீட்டர் 3 வோல்ட்டைத் தொடவில்லை. பக்கத்து மேசைத் தோழிக்குக் கிடைத்தது 12 வோல்ட் டையோடு. அவளுக்கு அளவுகோல் வைத்துக் கீறியதுபோல் வந்ததாம். “என் டையோடு பழுதா, என் கை பழுதா?” என்று கேட்கிறார்.

இரண்டும் இல்லை, கண்ணு. உங்கள் இருவர் மேசையிலும் இருந்தவை பெயரால் மட்டும்தான் ஒன்று. உள்ளே நடந்தவை வெவ்வேறு. உன் வரைபடம்தான் அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

2025-ஐ ஐ.நா. சபை குவாண்டம் அறிவியல் ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசும், கையில் பிடிக்கும் அளவுள்ள மின்சுற்றில் குவாண்டம் ஊடுருவலைக் காட்டிய ஜான் கிளார்க், மிஷெல் டெவரே, ஜான் மார்ட்டினிஸ் மூவருக்குப் போனது. உடனே “இனி சுவருக்குள் புகுந்து போகலாம்” என்கிற ரீதியில் காணொளிகள் வந்தன. குவாண்டம் என்று பெயர் ஒட்டிய பதக்கமும் தண்ணீர் பாட்டிலும் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கப்படுகின்றன. அவற்றில் குவாண்டம் என்று தனியாக எதுவும் இல்லை, காசு கொடுக்காதீர்கள். உண்மையான குவாண்டம் ஊடுருவல் ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கோபியில் ஒரு பள்ளி மேசையில் அது நடந்திருக்கிறது.

முதலில் டையோடு செய்யும் வேலையைப் பார்ப்போம். கோவைக்காரர்களுக்கு அதைச் சொல்லக் குளத்தைவிட நல்ல உவமை இல்லை. நொய்யலில் பிரிந்து வாய்க்கால் வழியே வரும் நீர் உக்கடம் பெரியகுளத்தை நிரப்புகிறது. நீர்மட்டம் கலிங்கின் உயரத்தைத் தொட்டுவிட்டால், அதற்குமேல் வருவதெல்லாம் கலிங்கு வழியே வாலாங்குளத்துக்குப் போய்விடும். வரத்து இரண்டு மடங்கானாலும் மட்டம் கொஞ்சந்தான் உயரும். நீர்மட்டம்தான் மின்னழுத்தம், வழிந்தோடும் நீர் மின்னோட்டம், கலிங்கின் உயரம் முறிவு மின்னழுத்தம். வழிவது கூடும்போது மட்டம் உயருகிற அந்தச் சில விரற்கடைதான் டையோடின் இயங்கு மின்தடை. கலிங்கு அகலமாக இருந்தால் உயர்வு குறையும். நல்ல டையோடிலும் அப்படியே. வாய்க்கால் தலைப்பில் ஒரு மதகு வேண்டும், இல்லையென்றால் வெள்ளத்தில் கரையே போய்விடும். அந்த மதகுதான் நீங்கள் தொடராக இணைக்கும் 220 ஓம் மின்தடை. தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் மின்னணுப் பலகையில், லைன் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் உள்ளிருக்கும் சில்லுக்கு ஒரே மட்டத்தில் மின்னழுத்தம் கிடைக்கச் செய்வது இந்தக் கலிங்குதான்.

அளவீட்டில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். வோல்ட்மீட்டரை டையோடின் இரு முனைகளில்தான் வைக்க வேண்டும். பவர் சப்ளையின் முனைகளில் வைத்தால், 20 மில்லிஆம்பியர் ஓடும்போது 220 ஓமில் விழும் 4.4 வோல்ட்டும் கணக்கில் சேர்ந்துவிடும். இன்னொன்று பலரும் கவனிக்காதது. 12 வோல்ட் டையோடில் முறிவுக்கு முன் கசியும் மின்னோட்டம் சில மைக்ரோஆம்பியர்தான். 15 வோல்ட் முள் வோல்ட்மீட்டர் ஒன்று முழு அளவுக்கு ஒரு மில்லிஆம்பியர் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 5 வோல்ட் காட்டும்போது அது மட்டுமே 330 மைக்ரோஆம்பியரை இழுக்கும். அந்த மின்னோட்டமும் அம்மீட்டர் வழியே போகிற மாதிரி இணைத்திருந்தால், நீங்கள் அளப்பது டையோடின் கசிவை அல்ல, வோல்ட்மீட்டரின் பசியை. 10 மெகாஓம் டிஜிட்டல் மீட்டராக இருந்தால் அதே இடத்தில் அரை மைக்ரோஆம்பியரோடு முடிந்துவிடும்.

இனி 3.3 என்ற எண்ணுக்கு வருவோம். பரவலாகக் கிடைக்கும் ஒரு வாட் வரிசையில் 3.3 வோல்ட் டையோடு 1என்4728. அது 3.3 வோல்ட் காட்டுவது 76 மில்லிஆம்பியர் ஓடும்போது. 12 வோல்ட்டுக்கு உரிய 1என்4742-ஐ அளப்பதோ 21 மில்லிஆம்பியரில். ஒவ்வொன்றிலும் வோல்ட்டையும் மின்னோட்டத்தையும் பெருக்கிப் பாருங்கள், கால் வாட் வரும். அதாவது, டையோடுக்குச் சொல்லப்படும் வோல்ட் எண் எந்த மின்னோட்டத்திலும் மாறாத எண் அல்ல. ஒரு குறிப்பிட்ட மின்னோட்டத்தில் எடுத்த அளவு. 12 வோல்ட்காரர் 5 மில்லிஆம்பியரிலும் ஏறக்குறைய 12-லேயே நிற்பார். 3.3 வோல்ட்காரர் அப்படி நிற்கமாட்டார். ஏன் நிற்கமாட்டார் என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

குறைந்த வோல்ட் டையோடுகளில் மாசு மிக அதிகமாகச் சேர்க்கப்பட்டிருக்கும். அதனால் சந்தியில் உள்ள இயக்கமில்லாப் பகுதி மிக மெலிந்து, ஐம்பது நானோமீட்டருக்கும் கீழே போய்விடும். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்த இடத்தில் சில வோல்ட் நிற்கிறது. அதே வலிமையை ஒரு மில்லிமீட்டருக்கு நீட்டினால் ஒரு லட்சம் வோல்ட் ஆகும். ஒரு மில்லிமீட்டர் காற்று சுமார் 3,000 வோல்ட்டிலேயே பொறி பறக்கவிட்டுவிடும். இவ்வளவு செங்குத்தான சரிவில், இணைதிறன் பட்டையில் அணுக்களோடு பிணைந்து கிடக்கும் எலக்ட்ரானுக்கு நேர் எதிரே, அதே ஆற்றல் மட்டத்தில், கடத்து பட்டையின் காலி இடம் வந்து நிற்கிறது. நடுவில் தடை செய்யப்பட்ட ஒரு வெளி, சுமார் பத்து நானோமீட்டர். சிலிக்கான் படிகத்தின் இருபது கட்டங்களுக்குள் அடங்கிவிடும். எலக்ட்ரானின் அலை அந்த வெளிக்குள் தேய்ந்துகொண்டே போகிறது, ஆனால் முழுதாக அணைவதற்குள் மறுகரை வந்துவிடுகிறது. எலக்ட்ரான் ஏறவும் இல்லை, இடிக்கவும் இல்லை. இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் இருக்கிறது.

குளத்து மொழியில் இது ஊறும் கரை. கரை மெலிவு, மட்டம் ஏற ஏற மறுபுறம் ஈரம் கூடுகிறது, பிறகு சொட்டுகிறது, பிறகு ஓடுகிறது. எந்த அடியில் ஊறத் தொடங்கியது என்று கோடு கிழிக்க முடியாது. கோபி மாணவியின் மெல்லச் சரியும் வளைவு இதுதான். எத்தனை முறை திரும்ப எடுத்தாலும் அப்படித்தான் வரும், வர வேண்டும்.

12 வோல்ட் டையோடின் கரையோ தடிமன். அதற்குள் ஊடுருவல் நடக்காது. ஆனால் வெப்பத்தால் தற்செயலாக விடுபட்ட ஓர் எலக்ட்ரான் அங்கே இருக்கும். புலம் அதை இழுத்து ஓடவிடுகிறது. வழியில் அதிரும் அணுக்கள் அதன் ஆற்றலைப் பிடுங்கிக்கொண்டே இருக்கின்றன. புலம் போதாதவரை அதற்கு வேகம் சேர்வதில்லை. போதும் என்கிற நிலை வந்ததும், அது மோதி இன்னோர் எலக்ட்ரானைப் பெயர்த்துவிடுகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பத்தாவது மோதலில் ஆயிரத்து இருபத்து நான்கு. பாடநூல் இதோடு நிறுத்திவிடும். என் மனம் நிற்பது இதற்கு அடுத்த அடியில். எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரே திசையில்தான் ஓடுகின்றன. மறுமுனையை அடைந்ததும் கதை முடிய வேண்டுமே? முடிவதில்லை. ஏனென்றால் பெயர்த்த இடத்தில் உண்டான துளை எதிர்த்திசையில் ஓடுகிறது. ஓடும் வழியில் அதுவும் மோதிப் புது எலக்ட்ரானைத் தொடக்க முனைக்குப் பக்கத்திலேயே பெற்றுத்தருகிறது. போனது தன் இடத்துக்கு இன்னொன்றை அனுப்பிவிட்டுப் போகிறது. ஒவ்வோர் ஓட்டமும் சராசரியாக ஒரு புதிய ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் அந்த மின்னழுத்தத்தில், மின்னோட்டத்துக்கு உள்ளிருந்து எந்த வரம்பும் இல்லை. வெளியே இருக்கும் 220 ஓம்தான் வரம்பு. அதனால்தான் அந்தக் கோடு அவ்வளவு செங்குத்து.

இது உடையும் கரை; இதற்குச் சரிவு முறிவு என்று பெயர். ஒரு கீறலில் வழியும் நீர் மண்ணை அரிக்கும், அரித்த வழியில் இன்னும் நீர் வரும், அது இன்னும் மண்ணை அரிக்கும். ஒரே ஒரு வேறுபாடு: மட்டம் இறங்கியதும் இந்தக் கரை ஒரு மணல் குறையாமல் தானே மூடிக்கொள்கிறது. சூடு எல்லை மீறாதவரை டையோடு ஒவ்வொரு முறையும் உடைந்து, ஒவ்வொரு முறையும் முழுதாகிறது. அப்படி ஒரு கரையை எந்த ஊர்க் குளத்துக்கும் கட்ட முடியாது.

வரலாறு தேவைப்படுவோருக்கு: அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஜெனர் 1934-இல் எழுதிய கட்டுரை திண்ம மின்கடத்தாப் பொருள்களின் முறிவைப் பற்றியது; அப்போது இந்த டையோடே கிடையாது. பெயரைச் சூட்டியது பெல் ஆய்வகத்தின் வில்லியம் ஷாக்லி. 1950-களில் அதே ஆய்வகத்தின் கென்னத் மக்கேயும் அவருடன் பணியாற்றியவர்களும், ஏறத்தாழ 6 வோல்ட்டுக்கு மேல் நடப்பது ஜெனர் சொன்ன ஊடுருவல் அல்ல, சரிவு முறிவு என்று காட்டினார்கள். அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது. தோழியின் 12 வோல்ட் ‘ஜெனர்’ டையோடில் ஜெனர் விளைவு இல்லை.

பள்ளிச் செய்முறைக்கு வழக்கமாகப் பயன்படும் 5.6 வோல்ட் டையோடில் இந்த இரண்டும் கலந்து நடக்கின்றன. சூடேறினால் சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி சற்றுக் குறுகி ஊடுருவல் எளிதாகும். முறிவு மின்னழுத்தம் இறங்கும். சரிவு முறிவில் நேர்மாறு. சூட்டில் அணுக்கள் கூடுதலாக அதிர்ந்து எலக்ட்ரானின் ஓட்டத்தைக் கெடுப்பதால், இன்னும் அதிக மின்னழுத்தம் வேண்டியிருக்கும். 5 முதல் 6 வோல்ட்டுக்கு இடையே இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுசெய்கின்றன. அந்த எல்லைக்குள் இருக்கும் டையோடு வெயிலுக்கும் குளிருக்கும் அதிகம் அசைவதில்லை.

இதை நீங்களே பார்க்கலாம். 3.3, 5.6, 12 வோல்ட் டையோடு ஒவ்வொன்று வாங்குங்கள். 15 வோல்ட் பவர் சப்ளை, 220 ஓம், டிஜிட்டல் மீட்டர் போதும். 3.3 டையோடுக்கு சப்ளையை 10 வோல்ட்டிலும், 5.6-க்கு 12-லும் நிறுத்துங்கள்; மின்னோட்டம் 30 மில்லிஆம்பியரை ஒட்டியிருக்கும். 12 வோல்ட் டையோடுக்கு 15 வரை போகலாம். அளவு நிலைத்ததும், சூடான சால்டரிங் அயர்னை டையோடின் பக்கத்தில் தொடாமல் பிடியுங்கள். 12 வோல்ட் டையோடு டிகிரிக்குச் சுமார் 8 மில்லிவோல்ட் ஏறும். 3.3 வோல்ட் டையோடு டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். 5.6 அதிகம் அசையாது.

கோபி மாணவிக்கு ஒரு வேண்டுகோள். ரெக்கார்டு நோட்டில் இருக்கும் அந்தச் சரிந்த வளைவை அழித்துவிட்டு, தோழியின் அளவுகளைப் பார்த்து எழுத வேண்டாம். எடுத்த அளவுகளை அப்படியே விட்டு, டையோடைச் சூடேற்றிப் பார்த்தபின் கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்: ‘3.3 வோல்ட் டையோடு, ஊடுருவல் முறிவு, சூடேற்றியபோது மின்னழுத்தம் குறைந்தது.’