பசை எதில் கரையும் என்பதல்ல கேள்வி

1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இரட்டை நிறக் கார்களுக்குப் பெரிய மவுசு. ஒரு நிறம் அடிக்கும்போது மற்றதை மறைக்க பெயின்டர்கள் காகிதத்தை ஒட்டினார்கள். பிரித்தால் புதுப் பெயின்டும் கூடவே உரிந்தது. உப்புத்தாள் தயாரித்துவந்த 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ, செயின்ட் பால் நகரப் பட்டறையில் இந்த அவதியைப் பார்த்தார். 1925-ல் மாஸ்கிங் டேப் பிறந்தது.

சுத்தமாக உரிந்து வருவதற்கென்றே உருவானது அந்த டேப். நாம் காரில் ஒட்டும் சாமி படமும் கட்சிக் கொடியும் அப்படியல்ல. ஸ்டிக்கர் பசை முழுமையாக உலர்வதே இல்லை. மிகக் கெட்டியான திரவம்போல நுண்ணிய பள்ளங்களில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும்; மேலே உள்ள தாளும் நொறுங்கும். உரித்தால் தாள் துண்டு துண்டாக வரும், பசை காரிலேயே தங்கும்.

உடனே எல்லோரும் பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் என்று தேடுகிறோம். பசை எதில் கரையும் என்பதைவிட, அதற்கு அடியில் இருப்பது எதில் கரையும் என்பதுதான் முக்கியம். காரின் பளபளப்புக்குக் காரணமான கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான்; தலைமுடியைவிட மெல்லியது. தொழிற்சாலையில் சூட்டில் இறுக்கிய பூச்சு கரைப்பான்களை ஓரளவு தாங்கும். ஸ்பிரே டப்பாவில் டச்-அப் செய்த இடமோ தின்னர் பட்டதும் இளகிவிடும்.

பிளாஸ்டிக்கில் ஆபத்து இன்னும் அதிகம். ரிமூவரில் உள்ள அசிட்டோன், ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைத்தேவிடும். முன்விளக்குக் கண்ணாடி என்று நாம் சொல்வது பல கார்களில் பாலிகார்பனேட். வார்க்கும்போதே அதற்குள் இறுக்கம் தங்கியிருக்கும். கரைப்பான் பட்டால் அந்த இடங்களில் மயிரிழை வெடிப்புகள் ஓடும். அவற்றைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை. கழற்ற முடிந்த பாகமானால் பின்புறம் பாருங்கள். என்ன பிளாஸ்டிக் என்ற குறியீட்டைப் பல நிறுவனங்கள் அங்கேயே அச்சில் வார்த்திருக்கும்.

முதலில் காரை நன்றாகக் கழுவுங்கள். மண் துகள் இருந்தால் தேய்க்கும்போது கீறும். பிறகு ஹேர் டிரையரால் கை பொறுக்கும் அளவுக்கு மட்டும் சூடாக்கி, ஸ்டிக்கரின் ஓரத்தை மடக்கிப் பிடித்து மெதுவாக இழுங்கள். பட்டறைகளில் இருக்கும் ஹீட் கன் வேண்டாம், பிளாஸ்டிக்கை வளைத்துவிடும். மிஞ்சிய பசைமேல் தேங்காய் எண்ணெய் தடவிச் சற்று ஊறவிடுங்கள். எண்ணெய் உள்ளே புகுந்து பசையை உப்பவைத்து, பிடியைத் தளர்த்தும். பழைய ஏடிஎம் கார்டால் வழித்து, ஷாம்பு தண்ணீரில் கழுவலாம். பிளேடு கூடவே கூடாது. சொரசொரப்பான கறுப்பு பம்பரில் எண்ணெய் குழிகளில் தங்கும் என்பதால், சோப்பு நீரும் மென்மையான பல் பிரஷும் தேவை.

இதற்கும் அசையாத பசைக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். துணியில் நனைத்து, கண்ணில் படாத மூலையில் சோதித்த பிறகே பயன்படுத்துங்கள். நிறம் துணியில் ஏறினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

பெட்ரோலை மட்டும் கையில் எடுக்காதீர்கள். அதன் ஆவி உறைபனிக் குளிரிலும் தீப்பற்றும். நம் ஊர் வெயிலில் சிறு பொறியே போதும்.