'நல்லா இருக்கான்மா' மட்டும் போதுமா? சிறப்புக் குழந்தைகளின் பெற்றோரிடம் டீச்சர் என்ன சொல்லணும்?

ஸ்கூல் நம்பரில் இருந்து போன் வந்தாலே சில வீடுகளில் பதற்றம் தொற்றிக்கொள்ளும். 'யாரைக் கடிச்சான்? எதை உடைச்சான்? உடனே வந்து கூட்டிட்டுப் போகச் சொல்வாங்களோ?' ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளின் பெற்றோர் பலருக்கு இது பழகிப்போன பயம். பிரச்னை என்றால் மட்டும்தான் பள்ளி பேசும் என்பது அவர்கள் அனுபவம்.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நம்ம சிஸ்டமே 'முடியாது' என்பதை வைத்துத்தான் ஓடுகிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதன் பல சலுகைகளுக்குக் குறைந்தது 40% பாதிப்பு எனச் சான்றிதழ் வேண்டும். அதனால் அம்மா தூக்கிக்கொண்டு அலையும் ஃபைல் முழுக்க, பிள்ளைக்கு எதெல்லாம் வராது என்பதுதான் இருக்கும். இதே சட்டத்தின் 16-வது பிரிவு, ஒவ்வொரு மாற்றுத்திறனாளி மாணவரின் முன்னேற்றத்தையும் பள்ளி கண்காணிக்கணும் என்கிறது. சரி, கண்காணித்ததை வீட்டுக்கு யார் சொல்வது?

மற்ற பிள்ளைகள் வீட்டுக்கு வந்ததும் அன்றைய கதையை அவர்களே கொட்டிவிடுவார்கள். பேச்சு வராத குழந்தையால் அது முடியாது. பகல் முழுக்க என்ன நடந்தது என்று தெரிய, அந்த வீட்டுக்கு டீச்சரை விட்டால் வேறு வழியில்லை.

அப்போ 'நல்லா இருக்கான்மா', 'சமத்துப் பொண்ணு' என்பதெல்லாம்? கேட்க இதம்தான். ஆனால் அதை வைத்துப் பெற்றோர் எதுவும் செய்ய முடியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அம்மா, தம்பி இன்னைக்கு டிபன் பாக்ஸை அவனே திறந்தான். போன மாசம் நான் கையைப் பிடிச்சுத் திறக்க வெச்சேன். இன்னைக்கு மூடியைத் தொட்டுக் காட்டினேன், அவ்வளவுதான்."

என்ன செய்தான், முன்பு எப்படி இருந்தான், எவ்வளவு உதவி தேவைப்பட்டது என எல்லாமே இதில் வந்துவிடுகிறது. கடைசி விஷயம்தான் ரொம்ப முக்கியம். பள்ளியில் கற்றதை வீட்டிலும் அப்படியே செய்வது இந்தக் குழந்தைகளில் பலருக்குத் தானாக வராது. இடம், ஆள், டப்பா எது மாறினாலும் தடுமாறலாம். விஷயம் தெரியாத அம்மா பாசத்தில் டப்பாவைத் தானே திறந்து கொடுத்துவிடுவார். தெரிந்தவர் மூடியைத் தொட்டுக் காட்டிவிட்டுக் காத்திருப்பார்.

ஒப்பிடணும்னா அந்தக் குழந்தையோட நேற்றோடுதான். 'மத்த பசங்க மாதிரியே பண்றான்' என்ற பாராட்டு வேண்டாமே. தனிநபர் கல்வித் திட்டத்தில் 'தற்போதைய நிலை' என்று ஒரு பகுதி இருக்கும். போன டெர்மின் பக்கத்தைப் புரட்டினாலே சொல்வதற்கு விஷயம் கிடைக்கும்.

அதற்காகப் பொய்யும் கூடாது. எழுத்துக் கூட்டவே திணறும் குழந்தையை 'சூப்பரா படிக்கிறா' என்றால், வீட்டில் பயிற்சியைக் குறைத்துவிடுவார்கள். குறையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நல்ல செய்திக்குப் பின்னாலேயே எப்போதும் ஒரு 'ஆனா' வந்தால், பெற்றோர் அந்த 'ஆனா'வுக்காகத்தான் காத்திருப்பார்கள். சில நாள் நல்ல செய்தி மட்டும் தனியாகப் போகட்டும்.

வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம், குழந்தையின் நிலை ஊருக்கே தெரியத் தேவையில்லை. தனியாக ஒரு வாய்ஸ் நோட் போதும். 'நீ சரியா வளர்க்கல' என்று கேட்டே பழகிய அம்மா, அதை மாமியாருக்கும் போட்டுக் காட்டலாமே!

வட்டார வள மையத்தில் இருந்து பல பள்ளிகளுக்கு ஓடும் சிறப்பாசிரியருக்கு இது தினமும் சாத்தியமில்லை. ஒரு குழந்தைக்கு வாரம் ஒன்று என்றாலே பெரிய விஷயம். பெற்றோரும் 'எப்படி இருக்கான்?' என்று கேட்பதற்குப் பதிலாக, "இந்த வாரம் எதை உதவி இல்லாம செஞ்சான் மிஸ்?" என்று கேட்கலாம். வீட்டில் புதிதாக ஏதாவது செய்திருந்தால் அதையும் சொல்லுங்கள். டீச்சருக்கு அது தெரிந்திருக்காது.