ஆஸ்பத்திரிக் கடனுக்குத் தீர்ப்பு வந்த பிறகு

அமெரிக்காவில் மருத்துவமனைப் பில் பாக்கி நின்றால், மருத்துவமனையோ அதன் கடனை வாங்கிய வசூல் நிறுவனமோ வழக்குப் போடலாம். சம்மனுக்குப் பதில் தராவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாகிவிடும். அதுவரை போனில் மிரட்டியவர்களுக்கு, அதன்பின் சம்பளத்தைப் பிடிக்கவும் வங்கிக் கணக்கை முடக்கவும் வழி திறக்கிறது. இந்தக் கட்டத்தில் பலர் எல்லாம் முடிந்தது என்று கைவிட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை.

முதலில் நீதிமன்றத்துக்குப் போய் வழக்குக் கோப்பைப் பாருங்கள். சம்மன் எந்த முகவரியில், யார் கையில் கொடுத்ததாக எழுதியிருக்கிறது? நீங்கள் காலி செய்துவிட்டுப் போன பழைய வீடு என்றால், தீர்ப்பை ரத்து செய்யக் கோரி மனுப் போடலாம். இதற்குக் கெடு உண்டு, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் தெரிந்த அன்றே இலவசச் சட்ட உதவி மையத்தை நாடுங்கள்.

சம்பளப் பிடித்தத்துக்கு மத்திய அரசின் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. வரி போக வரும் வாரச் சம்பளத்தில் 25 சதவீதம், அல்லது 217.50 டாலருக்கு மேல் உள்ள தொகை, இவற்றில் எது குறைவோ அதுவே வரம்பு. வாரம் 250 டாலர் வாங்குபவரிடம் 25 சதவீதக் கணக்கில் 62.50 டாலர் வரும். ஆனால் சட்டப்படி 32.50 டாலருக்கு மேல் பிடிக்க முடியாது. சம்பளச் சீட்டை வைத்து இதை நீங்களே சரிபாருங்கள். பல மாநிலங்கள் இன்னும் தாராளம்: டெக்சாஸில் இப்படிப்பட்ட கடனுக்குச் சம்பளத்தைத் தொட முடியாது. மருத்துவமனைகள் மருத்துவக் கடனுக்காகச் சம்பளத்தைப் பிடிப்பதை நியூயார்க் 2022-இல் தடை செய்தது.

சோஷியல் செக்யூரிட்டி பணம் நேரடியாக வங்கியில் விழுகிறது என்றால், கடைசி இரண்டு மாதத் தொகையை வங்கியே பாதுகாத்து வைக்க வேண்டும். மற்றப் பணத்துக்கு விலக்குக் கோரும் படிவத்தை நீங்கள்தான் தாக்கல் செய்ய வேண்டும்.

அதிகம் பேருக்குத் தெரியாத, ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படும் வழி ஒன்று உண்டு. வரிவிலக்குப் பெறும், லாப நோக்கமற்ற மருத்துவமனைகள் நிதி உதவித் திட்டம் வைத்திருந்தே ஆக வேண்டும். சிகிச்சை முடிந்தபின் வந்த முதல் பில்லிலிருந்து 240 நாட்களுக்குள் விண்ணப்பித்தால் பரிசீலித்தே தீர வேண்டும். தகுதி இருப்பது உறுதியானால், பிடித்தத்தை நிறுத்துவது மட்டுமல்ல, தீர்ப்பை விலக்கிக்கொள்ளவும் மருத்துவமனை முயற்சி எடுக்க வேண்டும். ஏழை நோயாளிக்கு உதவுவதாகச் சொல்லி வரிவிலக்கு வாங்கிய இடம் அவர் சம்பளத்தையே பறிப்பது நியாயமே இல்லை. கெடு தாண்டிவிட்டாலும் எழுத்தில் கேளுங்கள்.

கடனுக்காகச் சிறை கிடையாது. ஆனால் சொத்து விவரம் சொல்ல நீதிமன்றம் கூப்பிட்ட நாளில் போகாவிட்டால், அவமதிப்பு என்று வாரன்ட் வரலாம். கான்சஸ் மாநிலத்தின் காஃபிவில் நகரில் மருத்துவக் கடன்காரர்கள் இப்படிக் கைதானது 2019-இல் நாடெங்கும் செய்தியானது. கட்டப் பணமில்லாவிட்டாலும் அந்தத் தேதியில் போய் நில்லுங்கள்.

வசூல் நிறுவனம் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது, பொய் மிரட்டல் விடக் கூடாது. இது 1977 முதல் உள்ள சட்டம். இனிக் கூப்பிட வேண்டாம் என்று எழுதி அனுப்பினால் போன் நிற்கும், தீர்ப்பு நிற்காது. கடன் தாங்க முடியாத அளவு என்றால் திவால் மனு பெரும்பாலும் பிடித்தத்தை உடனே நிறுத்தும்.

பேரம் பேசித் தீர்ப்பதானால், ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். கட்டி முடித்ததும், கடன் தீர்ந்தது என்ற ஆவணம் நீதிமன்றத்தில் பதிவானதா என்று நேரில் பார்த்து ஒரு நகல் வாங்கிவிடுங்கள்.