சகாரால ஒரு ஏரிக்கரை!

சகாரான்னதும் மணலும் ஒட்டகமும்தானே ஞாபகம் வருது? அங்கே ஒரு காலத்துல நீர்யானையே குளிச்சிருக்கு பாஸ்! பூமியோட அச்சு மெள்ள ஆடுதில்லையா... அதனால பருவமழை வடக்கே ஏறிப்போன காலம் அது.

2000-ல் டைனோசர் எலும்பு தேடி நைஜர் நாட்டுக்குப் போனது பால் செரினோ குழு. கோபெரோ என்ற இடத்தில் சிக்கியதோ மனுஷ எலும்புகள். சுமார் 200 கல்லறைகள்!

முதலில் அங்கே வாழ்ந்தது, மீன்பிடிக்கும் நெட்டைக் கூட்டம். சுமார் 8,000 வருஷம் முன்னால ஏரி வற்ற, ஊரே காலி. ஏறத்தாழ ஆயிரம் வருஷம் கழிச்சு மழை திரும்பினப்ப குடியேறினது வேற கூட்டம்.

இவங்க கல்லறைகளைப் பாருங்க. நீர்யானைத் தந்த வளையலோட ஒரு சிறுமி. ஆமை ஓட்டின் மேல் ஓர் ஆண். கை கோத்தபடி ஒரு பெண்ணும் ரெண்டு குழந்தைகளும். மகரந்தம் கிடைச்சதால, பூ வெச்சுத்தான் வழியனுப்பியிருக்காங்கனு ஆய்வாளர்கள் நினைக்கிறாங்க.

சுமார் 4,500 வருஷம் முன்னால ஏரி மறுபடி வற்றியது. அந்த மழை அப்புறம் திரும்பவே இல்லை.